கொட்டை வரை வெட்டிப் பார்ப்பவர்

எழுபதுகளின் கடைசியில் நான் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தேன். ஏற்றுமதிப் பழங்களைச் சோதிக்க வருகிற அதிகாரி மெலிந்த, அதிகம் கதையாத மனிதர். பெட்டிக்கு ஒரு மாம்பழத்தை எடுத்துக் கொட்டை வரை வெட்டிப் பார்ப்பார். ஒருநாள் மூதூர் வியாபாரி ஒருவரின் பழத்தில் புழு நெளிந்தது. முழுச் சரக்கையும் கப்பலேற விடாமல் அதிகாரி மறித்துவிட்டார்.

"இதுக்கு ஒரு வழியும் இல்லையா சேர்?" என்று வியாபாரி கேட்டார்.

"இருக்கு. கதிர்வீச்சுக் காட்டினால் பழம் பழுதாகாது, புழுவும் பெருகாது. அந்த மெஷின் இங்க இல்லை."

"அப்படிக் காட்டின பழத்தை நீங்க தின்பீங்களா?"

"ஓம், வெளிநாட்டில படிக்கேக்க சாப்பிட்டனான். கூட இருந்த என்ர மனுசிதான் தொடவே இல்லை."

பிறகு, தான் மறித்த பெட்டிகளை மூதூருக்குத் திரும்பும் லோஞ்சுப் படகில் ஏற்ற அவரும் ஒரு பக்கம் பிடித்தார். அவர் முகத்தில் இருந்தது வருத்தமா, வெட்கமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.