சிவப்புத் தேன்

கெங்கம்மாவுக்குக் கடைத் தேன் என்றாலே குமட்டும். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு கேன்டீனில் பன்னிரண்டு வருடமாகப் பாகு காய்ச்சுபவள். பாட்டிலைச் சாய்த்ததுமே கண்டுபிடித்துவிடுவாள். போன பங்குனி உத்திரத்தில், தெரு முருகன் கோவிலில் அபிஷேகத்துக்கு ஊற்றிய தேனைப் பார்த்து, "இது தேனா? வெல்லப்பாகு. சாமியவே ஏமாத்திகினு கீறீங்க" என்று கூட்டத்தில் சொன்னாள். அடுத்த வருடம் தன் வீட்டுத் தேன் வரும் என்றும் வாய்விட்டாள். அந்த வாய்க்காகத்தான் கொல்லையில் தேனீப் பெட்டி வந்தது.

மார்கழியில் மணலி ஆலைகளின் நாற்றம் பனியோடு சேர்ந்து கொல்லையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பூ கிடையாது. வேண்டாவெறுப்பாகச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தாள். பெட்டியைத் திறந்தால் அடையை அரிக்கும் மெழுகுப் பூச்சியின் வெள்ளைப் புழு நெளிந்தது. ஒவ்வொன்றாகக் கிள்ளி நசுக்கினாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தை பிறந்ததும் சர்க்கரையை நிறுத்தினாள். கொல்லை முருங்கை பூத்தது. மாசியில் பெட்டி கனத்தது. முருங்கை இருப்பது இந்தப் பக்கம். தேனீக்கள் போனதோ சுவரைத் தாண்டி. கெங்கம்மா அதை யோசிக்கவே இல்லை. பெருமை வந்தால் கண் எங்கே தெரிகிறது?

உத்திரத்துக்கு மூன்று நாள் முன்பு அடையை எடுத்துப் பிழிந்தாள். தேன் ரோஸ் சிவப்பாக வடிந்தது. நாக்கில் வைத்தாள். அசல் குச்சி ஐஸ் ருசி.

பக்கத்து வீட்டு டில்லிபாபு கோவில் கமிட்டி ஆள். வெயில் ஏறினால் வீட்டிலேயே குச்சி ஐஸ் போட்டு விற்பான். சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். டிரம்மில் மீந்த சாயச் சர்க்கரைத் தண்ணீர், அதில் செத்த கரப்பான்கள். அவற்றின் முதுகில் உட்கார்ந்து அவளுடைய தேனீக்கள் குடித்துக்கொண்டிருந்தன.

பாட்டிலோடு அவன் வாசலில் போய் நின்றாள். அவள் வாயைத் திறக்குமுன் அவன் விரலை விட்டு நக்கினான்.

"இன்னா டேஸ்ட்டுக்கா. அசல்னா இதான்."

"உன் டிரம்மு தண்ணிடா அது. கலீஜு."

அவன் மூஞ்சி மாறவில்லை. "சக்கர தானேக்கா. யாருக்குத் தெரியப்போவுது? ஊத்திடு."

அவனைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஊற்றிவிட்டால்தான் என்ன என்று ஒரு நொடி நினைத்த தன்மேல் அதைவிட அருவருப்பு. பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

உத்திரத்தன்று பால்குடம் மட்டும் எடுத்துப் போனாள்.

"தேன் எங்கேம்மா?" என்றார் குருக்கள்.

"இல்ல சாமி. என் தேனீயும் பூவ வுட்டுட்டு சாயத் தண்ணிக்குப் பூட்ச்சி." கூட்டத்துக்கே கேட்கும்படிதான் சொன்னாள்.

டில்லிபாபு தயாராக வைத்திருந்த பாட்டிலை நீட்டினான். போன வருடத்து அதே கடைத் தேன். அது முருகன் தலையில் இறங்கி, பிரசாதமாகக் கெங்கம்மாவின் உள்ளங்கைக்கு வந்தது. பிரசாதத்தைத் துப்பக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.