அம்மா ஜெபித்த ரேஸ் டிரைவர்

பேரன் டிவியில் பார்த்த கார் ரேஸின் இரைச்சல், அறுபதுகளில் நாங்கள் இருந்த இரும்புலியூர் வீட்டுக்கு என்னைக் கொண்டுபோனது. அப்பா ஒரு ஜெர்மன் ரேஸ் டிரைவரின் படங்களைப் பேப்பரிலிருந்து வெட்டி, சோற்றுப் பருக்கையால் நோட்டில் ஒட்டுவார். ஒருநாள் அந்த டிரைவரின் கார் கவிழ்ந்த படம் வந்தது. அன்று முதல் சாயங்கால ஜெபத்தில், சித்தப்பாவின் ஆஸ்துமாவுக்கு அடுத்து, அவருக்காகவும் அம்மா பெயர் சொல்லி ஜெபித்தாள்.

"மெதுவா ஓட்டட்டும்னு வேண்டிக்கிற. அதான் தோக்கறாரு!" என்று அப்பா கடுகடுப்பார்.

சில வருஷம் கழித்து, அவர் ரேஸை விட்டுவிட்ட செய்தியை அப்பா வாசித்தார்.

"ஸ்தோத்திரம்! முழுசா வீட்டுக்குத் திரும்பிட்டாரு," என்று அம்மா பாயசம் வைத்தாள். அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே இரண்டு டம்ளர் குடித்தார்.

டிவியில் ஒரு கார் சுவரில் மோதி நின்றது.

"அந்தப் பையன் பேர் என்னடா?" என்று பேரனிடம் கேட்டேன்.