கோபே நகரம் ஈன்ற மாவீரன்

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஜப்பானில் வேலை கிடைத்திருக்கிறது. கோபே நகரம். "அந்த ஊர்ல பொறந்த பெரிய ஆளுங்க லிஸ்ட் பாருங்க தாத்தா" என்று போனை நீட்டினாள். எழுத்தாளர், விஞ்ஞானி, விளையாட்டு வீரர் என்று நீளமான பட்டியல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை தேடினேன். கிங் டோகோமா இல்லை. எப்படி இருப்பான்? அவனைப் பெற்றவனே நான்தானே. பிரசவம் நடந்தது தென்காசியில் ஓர் அச்சகத்தில்.

அறுபதுகளின் தொடக்கம். அங்கே எனக்குப் பிழை திருத்தும் வேலை. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம் சாப்பிடும்போதுகூடக் கையை விட்டுப் போகாது. குற்றாலம் சீசனுக்கு வருகிற மல்யுத்தக் கோஷ்டி எங்களிடம்தான் நோட்டீஸ் அடிக்கும். "ஜப்பான்காரன், பேரு டோகோமா. மத்ததை நீரே போட்டுக்கிடும்வே" என்றார் கோஷ்டியின் காண்ட்ராக்டர். நமக்குச் சொல்லவா வேண்டும்? பெயருக்கு முன்னால் ஒரு 'கிங்' சேர்த்தேன்; பிறந்த ஊருக்கு அட்லஸைப் புரட்டிக் கோபேயைப் பிடித்தேன். எடை, மார்பளவு எல்லாம் கை போன போக்கில் போட்டேன். அப்புறமும் அடியில் இரண்டு வரி இடம் மிச்சமிருந்தது. 'யுத்த காலத்தில் சயாம் ரயில் பாதையில் ஆயிரம் கூலிகளை ஒற்றைச் சாட்டையால் வேலை வாங்கியவன்' என்று நிரப்பினேன். படித்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். மலேயாவுக்குப் பிழைக்கப் போன நம் ஆட்களை ஜப்பான்காரன் பிடித்துப்போய் அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கில் சாகவிட்டது எனக்கு உறைக்கவே இல்லை. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நிஜத்தில் டோகோமா ஒரு கூர்க்கா. ஆரியங்காவுப் பக்கம் எஸ்டேட் காவலுக்கு இருந்தவர், நன்றாக மலையாளம் பேசுவார். ஜனங்கள் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று காண்ட்ராக்டர் கட்டளை.

குரல் கணீரென்று இருக்கிறது என்று மைக்கையும் என்னிடமே கொடுத்திருந்தார்கள். சாரல் தூறிய ஒரு மாலை. உள்ளூர்க்காரர் யாராவது டோகோமாவிடம் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தால் வெள்ளிக் கப் உண்டு. வழக்கமாகக் காண்ட்ராக்டரின் ஆளே ஏறி, விழுந்துவிட்டுப் போவான். அன்று இலத்தூர் சுடலைமுத்து ஏறிவிட்டார். நாற்பது வயது, வயலில் உரமேறிய உடம்பு. மடியிலிருந்து என் நோட்டீஸை எடுத்து டோகோமாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மலேயாவுக்குப் போன எங்க அண்ணனை சயாம் ரயிலுக்குப் புடிச்சிட்டுப் போனேல்லா? அவனை என்னலே செஞ்ச?"

முதல் குத்திலேயே மூக்கு உடைந்தது. தலைமயிரைப் பிடித்து மேடைப் பலகையில் மோதினார். பலகை இடுக்கில் ரத்தம் இறங்கியது. கூட்டம் இதுவும் ஆட்டம்தான் என்று விசிலடித்தது. கூர்க்கா என்னைப் பார்த்தார். என் கையில் மைக். ஒரு வார்த்தை போதும். காண்ட்ராக்டர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். நான் மைக்கைத் தாழ்த்தினேன். சுடலைமுத்துவின் கட்டைவிரல் இடது கண்ணுக்குள் போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"அண்ணாச்சி, விட்டுருங்க. அவரு ஜப்பானே இல்ல, கூர்க்கா. நோட்டீஸ்ல இருக்கதெல்லாம் நான் எழுதுன பொய்."

"ஏமாத்திட்டானுவலே" என்று கூட்டம் மேடைக்குப் பாய்ந்தது. இரும்பு நாற்காலிகள் பறந்தன. ஒன்று கூர்க்காவின் முழங்காலைப் பெயர்த்தது. அப்போது சுடலைமுத்து அவர்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டார். மிச்ச அடி முழுக்க அவர் முதுகில் விழுந்தது. நான் மேடைக்கு அடியில் புகுந்துகொண்டேன். நம் வீரமெல்லாம் நோட்டீஸோடு சரி.

கூர்க்காவுக்கு அந்தக் கண் போய்விட்டது. செங்கோட்டையில் ரயிலேற்றி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

பத்து நாள் கழித்துச் சுடலைமுத்து அச்சகத்துக்கு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று மிஷினுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவருக்கு முதுகு நிமிரவில்லை.

"பொறக்காதவனுக்கு ஊரு, பேரு, பெருமை எல்லாம் அடிச்சிய. எங்க அண்ணன் நெசமாவே பொறந்தவன். இலத்தூர்ல பொறந்தான், சயாம்ல செத்தான்னு அவன் பேருல ஒரு நோட்டீஸ் அடிச்சுத் தாருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

பெயரைக் கேட்டுப் புரூஃப் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். நாளைக்கு வாருங்கள் என்றேன். சீசன் வேலை மும்முரம். மூன்று முறை வந்தார், மூன்று முறையும் நாளைக்கு என்றேன். பிறகு அவர் வரவில்லை.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மல்யுத்த மைதானத்தில் வேன்கள் நிற்கின்றன. போன மாதம் இலத்தூருக்குப் போய் விசாரித்தேன். சுடலைமுத்து இறந்து வெகுகாலமாகிறது, பிள்ளை குட்டி இல்லை. அவருக்கு ஓர் அண்ணன் இருந்ததே அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெயரைக் கடைசியாக எழுதி வைத்தவன் நான். எனக்கும் மறந்துவிட்டது.