மழைத் தண்ணீரும் ரப்பர் செருப்பும்

கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில், கடைசி வகுப்புகளான உயர்தரத்தை நான் படித்தபோது கணிதப் பிரிவில் பெண்கள் இரண்டே பேர், நானும் என் சிநேகிதியும். ஒரே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளில் அடுத்தடுத்த லயம். "கலைப்பிரிவு எடுத்து டீச்சராகுங்களேன்" என்று சொல்லாதவர்களே இல்லை. இருவரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் பெருமழையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எல்லாரும் கோயில் மண்டபத்தில் முடங்கிக் கிடந்தோம். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் சிநேகிதி சொன்னாள்: "மழை கூடுனா தானா சத்தம் போடுற மாதிரி ஒண்ணு செய்வோமாடி?"

செய்தோம். மழை பிடிக்க ஒரு பிளாஸ்டிக் போத்தல், அதற்குள் இரண்டு கம்பிகள், உடைந்த பொம்மைக் காரிலிருந்து கழற்றிய பேட்டரி, பஸர். தண்ணீர் கம்பிகளைத் தொட்டால் அதன் வழியே மின்சாரம் பாயும், பஸர் கத்தும். பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்தபோது அருமையாகக் கத்தியது. பௌதிகவியல் படிப்பித்த சேர் உடனே நுவரெலியா விஞ்ஞானக் கண்காட்சிப் போட்டிக்கு எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார்.

கண்காட்சியில் பக்கத்து மேசைப் பையன்கள் ரோபோ வண்டி ஓட்டினார்கள். எங்களிடம் இருந்ததோ ஒரு போத்தல். நடுவராக வந்தவர் பொறியியல் பீட விரிவுரையாளர், சிங்களப் பெண். சிநேகிதிதான் கடகடவென்று சிங்களத்தில் விளக்கினாள். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு ஜன்னலைக் காட்டினார். வெளியே நல்ல மழை.

"இதில் மழைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை! நான் ஓடிப்போய்க் கூரைத் தண்ணீரைக் கப்பில் பிடித்து வந்து ஊற்றினேன். கம்பிகள் மூழ்கின. பஸர் மூச்சுவிடவில்லை.

"மற்ற மேசைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று அவர் நகர்ந்தார்.

எனக்கு அழுகை முட்டியது. சிநேகிதி போத்தலையே முறைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் தோளில் அடித்தாள். "உப்புடி! கொழாத் தண்ணியில உப்பு கரைஞ்சிருக்கும். மழைத் தண்ணியில அது இல்ல. கரண்ட் எப்பிடிப் போகும்?"

"அப்ப தண்ணி வழியா கரண்ட அனுப்பவே வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "தண்ணி எதையாச்சும் தூக்கட்டும். அது மேல வந்து கம்பியத் தொடட்டும்!"

"எதத் தூக்கும்?"

தோட்டப் பாதைச் சேற்றில் செருப்போடு நடந்து, மெயின் ரோட்டில் அதைக் கழற்றிச் சப்பாத்து மாட்டுவது எங்கள் வழக்கம். பையில் சேறு காயாத அவளுடைய ரப்பர் செருப்பு இருந்தது. அவளே எடுத்து நீட்டினாள். "வெட்டு!"

"புதுசுடி!"

"வெட்டுன்னா வெட்டு!"

பிளேடால் ஒரு துண்டு அறுத்தேன். ரோபோக்காரப் பையன்களில் ஒருவன் சொக்லட் சுற்றியிருந்த வெள்ளித்தாளைத் தந்தான். அதைச் செருப்புத் துண்டின்மேல் ஒட்டிப் போத்தலுக்குள் மிதக்கவிட்டு, கம்பிகளின் நுனி அதற்கு மேலே வரும்படி வளைத்தோம். நடுவர் திரும்பி வந்தபோது சிநேகிதி மழைத் தண்ணீரை ஊற்றினாள். துண்டு மெல்ல மெல்ல எழும்பியது; வெள்ளித்தாள் இரண்டு கம்பிகளையும் தொட்டு இணைத்தது.

கீ என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி பஸர் அலறியது. நாங்களும் அலறினோம். நடுவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள்?"

"எஞ்சினியரிங்" என்றாள் சிநேகிதி. "ரெண்டு பேரும்." அதுவரை நாங்கள் அதை வெளியே சொன்னதே இல்லை.

கிடைத்தது மூன்றாம் பரிசுதான். ஊர் திரும்பும் பஸ்ஸில் இருவரும் உட்காரக்கூட இல்லை, பேசிக்கொண்டே வந்தோம்.

நான் இப்போது பொறியியல் பீடத்தில் மூன்றாம் வருஷம். அவளுக்கு முதல் தடவை பல்கலைக்கழகத்துக்குத் தேவையான வெட்டுப்புள்ளி கைக்கு எட்டவில்லை. மறுபடி எழுதி, என் பீடத்துக்கே ஒரு வருஷம் பின்னால் வந்து சேர்ந்தாள். போன விடுமுறையில் இருவரையும் பள்ளிக்கூடத்துக்குப் பேச அழைத்தார்கள். கணித வகுப்பில் இப்போது முன்வரிசை முழுக்கப் பெண்கள். நாங்கள் வாய் திறப்பதற்குள் ஒருத்தி எழுந்துவிட்டாள்.

"அக்கா, பேச்செல்லாம் பெறகு. மொதல்ல எங்க மோட்டார் ஏன் சுத்தலன்னு பாருங்களேன்!"

நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம்.