பிள்ளையாருக்கு வைத்த கல்மியா

"நாலு புஸ்தகம் படிச்சுட்டா செடி அடையாளம் தெரிஞ்சிடுமா, ஜெனி?"

ஆல்பனியில் செடி விற்கும் நர்சரியில் நான் சேர்ந்த முதல் நாளே செல்வம் அண்ணை இப்படிக் கேட்டார். தமிழ்நாட்டுக்காரர், எங்கள் சூப்பர்வைசர். நானோ மன்னாரில் எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது.

வேலை நிரந்தரமாகுமுன் எனக்கு வைத்த ட்ரையல் காலம் முடிகிற வாரம் லேபிள் இல்லாமல் ஒரு லோட் செடி வந்தது. தடித்த பச்சை இலை, வெளிறிய ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூ.

"ரோடோடென்ட்ரான்," என்றார் அண்ணை.

"இல்லை அண்ணை. இது கல்மியா. அமெரிக்கக் காட்டுச் செடி."

"பெட்டா?"

"ஓம். நான் சொன்னது சரியெண்டால் செடிக்குப் பேர் எழுதுற லேபிள் மேசை எனக்கு. பிழையெண்டால் வருஷம் முழுக்க ஹோஸ் பிடிச்சுத் தண்ணி விடுறன்."

அந்தப் பூவுக்குள் வட்டமாகப் பத்துச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மகரந்தத் தண்டு வில் மாதிரி வளைந்து தலையைச் செருகியிருக்கும். ரோடோடென்ட்ரானில் தண்டுகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இதை வாயால் சொல்லியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை.

"கிட்டக் கொண்டுபோய் மணந்து பாருங்கோ."

"சாமிக்கு வைக்கிற பூவை மோந்து பாக்கமாட்டேம்மா."

உண்மைதான். கவுன்ட்டரில் இருக்கும் பிள்ளையார் படத்துக்குத் தினமும் காலையில் ஒரு பூப் பறிப்பார், காம்பை நுனிவிரலால் பிடித்து, கையை எட்ட நீட்டி. நான் தேவாலயம் போகிற வேதக்காரி, கண்ட பூவையெல்லாம் மூக்கில் வைப்பவள். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு பூவுக்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை.

மறுநாள் அவர் பறிக்கப் போகுமுன்பே, அப்போதுதான் விரிந்த ஒன்றை நானே நீட்டினேன். "இதைப் பிள்ளையாருக்கு வையுங்கோ."

சந்தேகப்படாமல் வாங்கினார். படச் சட்டத்தில் செருகக் குனிந்து இதழை அழுத்தினார். தண்டுகள் படக்கென்று விடுபட்டன. மூக்குக்கண்ணாடியிலும் மீசையிலும் வெள்ளை மகரந்தத் தூள்.

"என்னம்மா இது, மூஞ்சில அடிக்குது!"

"கல்மியா அண்ணை. தேனீக்கும் இப்பிடித்தான் அடிக்கும். ரோடோடென்ட்ரான் மரியாதையான பூ."

அவர் பிள்ளையாரைப் பார்த்தார். "நீயும் இவகூடச் சேர்ந்துட்டியா?"

இப்போது வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இலையை நம்பாதீர்கள். பூவுக்குள் பாருங்கள். பெட் கட்டுவது அதற்குப் பிறகு.

"சரி, லேபிள் மேசை உனக்குத்தான். போய் எழுத ஆரம்பி," என்றபடி அண்ணை மீசையைத் துடைத்துக்கொண்டு செடிகளிடம் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவர் வேலைக்கு வருமுன்பே எல்லாத் தொட்டியிலும் 'கல்மியா' என்று லேபிள் எழுதிக் குத்திவிட்டிருந்தேன்.