தோளில் விழுந்த கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது எனக்கு நடந்தது. இன்றும் அறுவடை வந்தால் என் இடது தோள் சில்லிட்டுப் போகும்.

டோரு ஆற்றங்கரை மலைச்சரிவில் எங்கள் திராட்சைத் தோட்டம். வருடத்தின் முதல் தொட்டிச் சிவப்பு வைனுக்கான பழத்தைக் கூலியாட்கள் மிதிக்க மாட்டார்கள், குடும்பம்தான் மிதிக்கும். கல் தொட்டிக்குள் தொடையளவு பழத்தில், தோளில் கை போட்டு ஒரே வரிசையாக நிற்போம். நடுவில் நிற்பவர் குரல் கொடுப்பார். 'இடது... வலது...' அத்தனை காலும் ஒன்றாக இறங்க வேண்டும். வர முடியாதவருக்கு ஓர் ஆள் இடம் விட்டு வைப்போம். செத்தவர் இடத்தை மட்டும்தான் நெருங்கி நின்று மூடுவோம்.

முப்பது வருடம் குரல் கொடுத்த மாமனார் பல்தசாருக்கு முழங்கால் போய்விட்டது. அந்த வருடம் குரல் என் கணவர் அடலினோவுடையது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தூக்கத்தில்கூட 'இடது, வலது'தான். மிதித்து முடித்ததும் ஆட்டம் போட அக்கார்டியன் வாசிக்கும் சில்வேரியோ வேண்டுமென்று, அவரை அழைத்துவரச் சாயங்காலம் படகை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனார்.

இருட்டியது. வரவில்லை. தொட்டியில் இறங்கி வரிசையாக நின்றபோது எனக்கும் நாத்தனார் ஜசிந்தாவுக்கும் நடுவில் அவர் இடம் காலியாக இருந்தது. மாமனாருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"அக்கரையில குடிச்சிட்டு உக்காந்திருப்பான் தொரை. மூடுங்க இடத்தை."

யாரும் அசையவில்லை.

"வேணாம் மாமா," என்றேன். "வந்துடுவாரு."

"மூடுங்கன்னு சொல்றேன்ல."

மூடினோம். மாமனாரே தொட்டிச் சுவரில் உட்கார்ந்து குரல் கொடுத்தார்.

கொஞ்ச நேரம்தான். என் இடது தோள் கனத்தது. இடப்பக்கம் நின்ற ஜசிந்தாவின் கை சின்னது. இது பெரிய கை. அதன் ஈரம் என் முதுகில் வழிந்தது. பழச்சாறு என்றால் பிசுபிசுக்கும். இது பிசுபிசுக்கவில்லை... வெறும் தண்ணீர்.

திரும்பிப் பார்க்கப் பயம்.

காதருகே மெல்லிய குரல்.

"இடது..."

மாமனார் 'வலது' என்கிறார்.

"இடது..."

என் கால் அந்தக் குரலுக்குத்தான் இறங்கியது.

"லியோனில்டா, காலு எங்கம்மா போவுது?" மாமனார் அதட்டினார்.

சளக்... சளக்... என் இடப்பக்கம் தனியாக ஒரு காலடி. பயத்தை மீறி எனக்கு அழுகை வந்தது. பத்து வருடம் அந்தக் கைமேல் தலை வைத்துத் தூங்கியவளுக்குத் தெரியாதா, அது யார் கை என்று?

மாமனார் 'போதும்' என்றார். வரிசை கலைந்தது. கை விடவில்லை.

பிறகு... விட்டது.

திரும்பினேன். ஜசிந்தா ஓர் ஆள் தள்ளி நின்றிருந்தாள்.

"உன் தோள் எனக்கு எட்டவே இல்ல அண்ணி," என்றாள். "இவ்ளோ நேரம் நான் யாரைப் புடிச்சிருந்தேன்?"

அப்போதுதான் சில்வேரியோ வந்து வாசலில் நின்றார். பாலம் சுற்றி நடந்தே வந்திருந்தார். கையில் அக்கார்டியன் இல்லை. கோயிலில் அந்தி மணி அடிக்கும்போதே நடு ஆற்றில் படகு கவிழ்ந்ததைக் கரையிலிருந்து பார்த்தாராம். அப்போது நாங்கள் தொட்டியில் இறங்கவே இல்லை. 'நானே மூடச் சொன்னேனே' என்று மாமனார் விடியும்வரை அதையே சொல்லி அழுதார்.

மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. நான்தான் துடைத்துவிட்டேன். முகமும் கையும் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. போர்வையைக் கீழே விலக்கினேன். அந்த வருடம் ஒரு பழத்தைக்கூட மிதிக்காத மனிதர்...

இரண்டு காலும் தொடைவரை சிவப்பு.

தேய்த்தேன். போகவில்லை. பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். அப்படியே புதைத்தோம்.