மனைவிக்குச் சம்பளம் கிடையாது

மலைச்சரிவில் பனி உருகி முடியாத ஒரு மார்ச் காலையில், வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த டெல்மர் டாக்கெட் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். நிலக்கரி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல ஆகிருதி. ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் காலும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வந்தது. அவர் மனைவி ஆர்லீனுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. பிள்ளைகள் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்துவந்தாள்.

டெல்மருக்கு அரசாங்க மருத்துவ உதவி கிடைத்தது. அதில் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் அனுப்பினார்கள். ரொண்டா என்று பெயர், நாற்பது தாண்டியவள். நல்ல மனசுக்காரிதான். ஆனால் அவள் தொட்டாலே டெல்மர் உடம்பு விறைத்துக்கொள்ளும். குளிப்பாட்ட முடியாது, கழிவறைக்கு நகர்த்த முடியாது. கடைசியில் ஆர்லீன் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்துதான் தூக்க வேண்டியிருந்தது. ரொண்டாவின் பழைய கார் மக்கர் செய்த நாட்களில் அந்த உதவியும் இல்லை. அக்டோபரில் பள்ளிக்கூடத்தில் இதமாகவே சொன்னார்கள்: இப்படிப் பாதியில் ஓடினால் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட முடியாது என்று. ஆர்லீன் ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"நான் சோபாவுல உக்காந்து டிவி பாக்குறேன், எனக்குச் சம்பளம். நீ இடுப்பு ஒடியத் தூக்குற, உனக்கு ஒண்ணுமில்ல. நல்லாவா இருக்கு?" என்றாள் ரொண்டா ஒருநாள். "ஆபீசுல கேட்டுப் பாரு."

ஆர்லீன் கேட்டாள். கோப்போடு வந்த அதிகாரி அம்மாள் சமையலறை மேசையில் உட்கார்ந்து பொறுமையாகவே விளக்கினாள்.

"மகளுக்குக் குடுக்கலாம், மருமகனுக்குக் குடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக்கூடக் குடுக்கலாம் மிசஸ் டாக்கெட். பொண்டாட்டிக்கு மட்டும் இந்த மாநிலத்துல கிடையாது."

"ஏன் கிடையாது?"

"நீங்க எப்படியும் செய்யத்தானே போறீங்க?"

ஆர்லீன் காபியை எடுத்து அந்த அம்மாளுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஏன் ஊற்றினோம் என்று பிற்பாடு பலமுறை தன்னையே திட்டிக்கொண்டாள்.

வழியைச் சொன்னதும் ரொண்டாதான். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி விவாகரத்து வாங்கிட்டா. அதே வீடு, அதே கட்டில், அதே கிழவன். இப்ப வாரத்துக்கு முப்பத்தஞ்சு மணி நேரச் சம்பளம் வாங்குறா."

அந்தக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் தொட்டி காலியாகி, முன்னறையில் மட்டும் விறகு எரித்துக்கொண்டு இருவரும் படுத்திருந்தார்கள். ஆர்லீன் விஷயத்தைச் சொன்னாள். டெல்மர் நான்காம் நாள் அவள் சவரம் செய்துவிடும்போது சொன்னார்:

"சரி... பண்ணிடலாம். ஆனா... வீட்டை விட்டு... தொரத்திடாத."

"உன்னைத் தொரத்துனா எனக்கு வேலை போயிடும்" என்றாள் ஆர்லீன். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் கத்தியைக் கழுவப் போய் வெகுநேரம் குழாயடியிலேயே நின்றாள்.

வக்கீல் வைக்க வசதியில்லை. நீதிமன்றத்தில் கிடைத்த படிவத்தைத் தாங்களே நிரப்பினார்கள். வீடு டெல்மரின் அப்பா கட்டியது, அவர் பேரில் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, தனக்குப் பின் ஆர்லீனுக்கே என்று உயில் மட்டும் எழுதினார்.

விசாரணையன்று நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சக்கர நாற்காலியில் டெல்மர். அவர் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்தபடி ஆர்லீன்.

"ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல, இனி சேர்ந்து வாழ முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. உண்மையா?"

முப்பத்தோரு வருடக் கல்யாணம். சத்தியம் செய்துவிட்டு ஆர்லீன் சொன்ன ஒரே பொய் அதுதான். "உண்மைங்கய்யா."

நீதிபதிக்குப் புரிந்தது. எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

சம்பளம் வந்தது. தினமும் காலையில் போனில் எண்ணை அழுத்தி வேலை தொடங்கியதைச் சொல்ல வேண்டும், மதியம் அழுத்தி முடித்ததைச் சொல்ல வேண்டும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடை மாற்றுவது கணக்கில் சேரும். புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது சேராது. ஆனாலும் கேஸ் தொட்டி நிரம்பியது. லாரிக்கார டெல்மர் இரண்டு வருடமாகப் புலம்பிய வீட்டு டிரக்கின் மொட்டை டயர்களை மாற்றினாள்.

ஊரில் எதுவும் மறைவதில்லை. ஆர்லீன் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் சிறு பிள்ளைகளுக்கு வேதக்கதை சொல்லிக்கொடுப்பவள். பாதிரியார் தனியாகக் கூப்பிட்டார்.

"எனக்கு உன்னைத் தெரியும் ஆர்லீன். ஆனா புருஷனா இல்லாதவரோட ஒரே வீட்டுல இருக்கன்னு சிலபேர் பேசுறாங்க. கொஞ்ச நாள் வகுப்பு எடுக்காம இரேன்."

"அந்தச் சிலபேர்ல யாராவது வந்து அவருக்கு ஒருநாள் டயப்பர் மாத்தட்டும். நான் வேற வீடு பாத்துக்கறேன்" என்றாள். அதன்பிறகு அந்தச் சர்ச் பக்கம் அவள் போகவில்லை.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது டெல்மர் சொன்ன ஒரு வார்த்தை. உடம்பு முடியாதவருக்குக் கோபம் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் சூப் ஆறிப்போயிருந்தது. தட்டிவிட்டார்.

"காசுக்குத்தான... பண்ற. அதான்... இப்படி."

ஆர்லீன் தரையைத் துடைத்தாள். போனை எடுத்து முடிந்தது என்று எண்ணை அழுத்தினாள். "இன்னைக்கு வேலை முடிஞ்சுது மிஸ்டர் டாக்கெட்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் டிரக்கில் உட்கார்ந்தாள். கால்மணி நேரம்தான். அவர் நனைந்திருப்பார் என்ற நினைப்பு வந்ததும் எழுந்து உள்ளே வந்தாள். டெல்மர் அழுதுகொண்டிருந்தார். மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சொல் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

நான்காம் வருடம் நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் போடலாமா வேண்டாமா என்று கையெழுத்து கேட்டார்கள். தான் மனைவி என்று ஆர்லீன் சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டரைப் பார்த்த பெண், "இதுல விவாகரத்துன்னு இருக்கே மேடம்" என்றாள். இரண்டு மணி நேரத் தொலைவிலிருந்து டெல்மரின் தம்பி ஹோபர்ட் வந்து கையெழுத்துப் போடும்வரை ஆர்லீன் அறைக்கு வெளியே நாற்காலியில் காத்திருந்தாள். மறுநாள் டெல்மர் போய்விட்டார். பத்திரிகை அறிவிப்பில் எப்படிப் போடுவது என்று தெரியாமல் ஹோபர்ட், "நீண்டநாள் துணை" என்று போட்டான்.

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. டெல்மருக்காக அரசு செலவழித்த பணத்தை அவர் சொத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதாக எழுதியிருந்தது. அறுபத்திரண்டாயிரம் டாலர். வீட்டின் மதிப்பே நாற்பத்தெட்டாயிரம்தான்.

ஆர்லீன் போன் போட்டாள்.

"இந்த அறுபத்திரண்டாயிரத்துல என்னென்ன இருக்குங்க?"

மறுமுனையில் இளைஞன் ஒருவன் மரியாதையாகப் பேசினான். "பெரும்பாலும் வீட்டுப் பராமரிப்பாளர் சம்பளம் மேடம்."

"அது என் சம்பளம். வரி கட்டிட்டு வாங்குனது. அதைத்தான் என் வீட்டை வித்துத் திருப்பி எடுக்கப் போறீங்களா?"

"வீடு அவர் பேர்ல இருக்கு மேடம். உயிலைவிட அரசாங்கத்துக் கடன் முன்னாடி வரும்." கொஞ்சம் தயங்கிவிட்டு ஆறுதலாகச் சொன்னான்: "மனைவி உயிரோட இருந்தா நாங்க வீட்டைத் தொடமாட்டோம். நீங்க அவரோட மனைவியா?"

ஆர்லீன் போனை வைத்தாள்.

விதிவிலக்கு கேட்டு மனுப் போட்டாள். நான்கு மாதம் கழித்து நிராகரித்தார்கள். ஹோபர்ட் வக்கீல் வைக்கலாம் என்றான். "எந்த வக்கீல்கிட்ட போய் நான் கோர்ட்டுல சத்தியம் பண்ணிப் பொய் சொன்னேன்னு சொல்றது?" என்று கேட்டாள்.

கோடையில் வீடு விற்றது. வாங்கியவர்கள் வேட்டைப் பருவத்தில் மட்டும் வந்து தங்குவார்கள். ஆர்லீன் ஊருக்குள் சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறையில் குடிபோனாள். எந்நேரமும் கீழே இயந்திரங்கள் சுற்றும், தரை அதிரும். பள்ளிக்கூடச் சமையலறையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், புதிதாகச் சேர்பவளுக்கான கூலியில்.

அடுத்த வருடம் மே மாதக் கடைசியில், குடும்பங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கும் நாளில் அவளும் கல்லறை மேட்டுக்குப் போனாள். டாக்கெட் குடும்பம் மரத்தடியில் சாப்பாடு பரப்பியிருந்தது. ஆர்லீன் களை பிடுங்கிவிட்டுக் கிளம்பப் பார்த்தாள்.

"எங்க போற? உக்காரு" என்றான் ஹோபர்ட். "நீ எங்க வீட்டு ஆளுதானே."

"எழுத்துல இல்ல" என்றாள் ஆர்லீன்.

அங்கிருந்த ஒருத்தி தட்டில் உருளைக்கிழங்கும் கோழியும் வைத்து நீட்டினாள். ஆர்லீன் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.